ஒரு கோடு நேராக வர ஐந்து நாள்!

ஏப்ரல் 15 வந்துவிட்டால் புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தின் வாசனையே மாறிவிடும். மீன் வாடை குறைந்து, தின்னர் வாடை ஏறும். கிழக்குக் கடற்கரை முழுக்க ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் தச்சு வேலை, இன்ஜின் வேலை, வலை பின்னுவது, பெயின்ட் அடிப்பது என்று வருஷத்தில் தள்ளிப்போட்ட எல்லா வேலையும் இந்த இரண்டு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். கட்டுமரத்துக்கும் சின்ன ஃபைபர் படகுகளுக்கும் தடை கிடையாது. ஆனாலும் அவர்களும் இந்தச் சமயத்தில்தான் படகைக் கரையேற்றி அழகு பார்ப்பார்கள். ஆள் கிடைப்பதும் சாமான் கிடைப்பதும் அப்போதுதான் சுலபம்.

அழகு பார்ப்பது என்றால், பெரும்பாலும் ஒரு கோடுதான். வெள்ளைப் படகின் விலாவில் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும் நீலமோ, சிவப்போ, மஞ்சளோ. கடற்கரைச் சாலையில் நின்று பார்ப்பவர்களுக்கு அது ஒரு டிசைன். கரையில் காத்திருக்கும் பெண்களுக்கு அது முகவரி. கடலில் பத்துப் படகு ஒன்றாகத் திரும்பும்போது, எழுத்து தெரியாத தூரத்திலும் கோட்டின் நிறம் தெரிந்துவிடும். `நம்மது வந்துடுச்சு' என்று கூடையைத் தூக்கிக்கொண்டு எழுவது அதைப் பார்த்துத்தான்.

அந்தக் கோட்டைப் போட்டே முப்பது வருஷம் பிழைத்தவர் வைத்திக்குப்பத்தில் இருக்கிறார். வயது 58. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களும் குறைவு. `கோட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். கோட்டு சூட்டு போட்டவரைத் தேடி யாரோ ஒருவர் தெருவெல்லாம் அலைந்த கதையும் உண்டு.

பதினாலு வயதில் அப்பாவோடு பாய் கட்டிய கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். கட்டுமரத்துக்குப் பெயின்ட்டே கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காயவைப்பார்கள். எனவே கோடு போடுகிற தொழில், இந்தக் கரையில் ஃபைபர் படகுக்குப் பின்னால் வந்த தொழில்தான். நூறாண்டுப் பாரம்பரியம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் பிறந்து, அவர் கண்முன்பே தேய்ந்தும் போகிற தொழில்.

அது உச்சத்துக்குப் போனது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26-ல் படகுகள் போயின. அடுத்த வருஷம் நிவாரணமாகப் புதுப் படகுகள் வரிசையாக வந்து இறங்கின. எல்லாம் ஒரே அச்சு, ஒரே வெள்ளை. "ஒரே மாதிரி சட்டை போட்ட ஸ்கூல் பசங்க மாதிரி நிக்குது. எது எவனோடதுன்னு அவனுக்கே தெரியல. எல்லாரும் எங்கிட்டதான் ஓடியாந்தாங்க" என்கிறார். அந்த வருஷம் ஒரு நாளைக்கு ஒரு படகு என்று கோடு போட்டிருக்கிறார். சிலர் கடலில் போனவர்கள் வைத்திருந்த பழைய படகின் நிறத்தையே கேட்டார்கள். சிலர் அந்த நிறம் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு கடலோரப் பாதுகாப்புக்காகப் படகுகளுக்குப் பதிவு எண்ணும், மாநிலத்துக்கு மாநிலம் நிறமும் என்று விதிகள் வந்தன. `ஐ.என்.டி - பி.ஒய்' என்று தொடங்கும் எண் புதுச்சேரிப் படகுகளின் விலாவில் ஏறியது. அதை எழுதுகிற வேலையும் இவருக்கு வந்தது. பிறகு வந்தது ஸ்டிக்கர்.

ஸ்டிக்கர் கடை வைத்திருப்பது வேறு யாருமில்லை, அவர் மகன்தான்.

மகனுக்கு 27 வயது. நெல்லித்தோப்புப் பக்கம் சின்னக் கடை. கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, வினைல் ஷீட்டை மெஷினில் வெட்டி, பைக்குக்கும் காருக்கும் ஒட்டிக் கொடுக்கிறார். படகுக்கும் ஒட்டுவார். அப்பா ஐந்து நாள் செய்கிற வேலையை மகன் ஒரு மதியத்தில் முடித்துவிடுவார், ஏறக்குறைய பாதிப் பணத்தில். அப்பாவுக்கும் மகனுக்கும் இதில் சண்டை என்று இல்லை. சாப்பிடும்போது படகு பற்றிய பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. அவ்வளவுதான். பரிமாறுகிற அம்மாவுக்கு அது சண்டையைவிடக் கஷ்டம்.

போன வருஷம் மே மாதக் கடைசியில் அந்தப் பேச்சை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று வந்து நின்றது ஒரு பாய்மரப் படகு.

இருபது அடி ஃபைபர் படகு, ஒற்றைப் பாய்மரம். அது மீன்பிடிப் படகு இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் `சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு சொல்தா ஆசைக்கு வாங்கி வைத்திருந்த படகு. அவர் காலமாகி மூன்று வருஷம். பிரான்ஸில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தார். படகை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கே முடிவாகவில்லை. எதுவானாலும் முதலில் அது படகு மாதிரி தெரிய வேண்டும் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தார். நீரோட்டு மட்டத்துக்கு மேலே ஓடிய நீலக் கோடு வெளுத்து, வெடித்து, சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தது. கையால் தடவினால் விரலில் மாவு ஒட்டியது.

"ஸ்டிக்கரா ஒட்டிடலாமா மாமா? சீக்கிரம் முடியும்ல?" என்று அவர் கேட்டார். மகனுக்கு வரவேண்டிய வேலைதான் அது.

"ஒட்டலாம்மா. ஆனா கீழ மாவா இருக்கே. மாவு மேல ஒட்டினா ஸ்டிக்கர் மாவோட உரிஞ்சி வந்துடும்" என்றார் கோட்டுக்காரர். பக்கத்தில் நின்ற மகன், அது உண்மைதான் என்பதுபோலத் தலையாட்டினார். முதல் தடவையாக இருவரும் ஒரே படகுக்கு வேலைக்கு வந்தது அப்படித்தான்.

பெயின்ட் வேலையில் பெயின்ட் அடிப்பது கடைசி. அதைத் தெரியாதவர்கள்தான் முதல் நாளே டப்பாவைத் திறப்பார்கள். முதல் நாள் முழுக்கக் கழுவுவதும் துடைப்பதும். கடல் உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அடுத்து தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் வேறு ஒரு சுத்தமான துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயும் மெழுகும் இடம் மாறுமே தவிர, போகாது. இதை முடிக்காமல் உப்புத்தாளைக் கையில் எடுத்தால் இன்னும் மோசம். தேய்க்கிற தேய்ப்பில் மெழுகு கீறலுக்குள் இறங்கிவிடும். அப்புறம் எந்த விலை பெயின்ட்டும் அங்கே நிற்காது. வீட்டில் அடுப்பங்கரைச் சுவருக்குப் பெயின்ட் அடித்து, மூன்றே மாதத்தில் அடுப்புக்கு மேலே மட்டும் உரிந்து வந்த அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். அதே கதைதான்.

ஃபைபரைத் தேய்த்தால் பறக்கிற தூள் கண்ணாடி நார். தோலில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும். நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கோட்டுக்காரர் முப்பது வருஷமாக மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு செய்தவர். மகன் கடையிலிருந்து இரண்டு பக்கமும் ஃபில்டர் வைத்த மாஸ்க் கொண்டுவந்து, போட்டால்தான் ஆச்சு என்று நின்றார். ஹார்டனர் கலந்து அடிக்கிற இரண்டு டப்பா பாலியூரித்தேன் பெயின்ட்டுக்கு அது இன்னும் அவசியம். அதில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. "பன்னி மூஞ்சி மாதிரி இருக்குடா" என்று முணுமுணுத்தபடியே மாட்டிக்கொண்டார்.

தேய்க்கத் தேய்க்கப் படகின் சரித்திரம் வெளியே வந்தது. மேலே வெளுத்த நீலம். அதன் கீழே ஒரு பச்சை. பச்சைக்குக் கீழே மறுபடி ஓர் அடர் நீலம். மரத்தை அறுத்தால் வளையம் தெரியுமே, அதுபோல. நடுவில் இருந்த பச்சையைப் போட்டவர் யாரோ தெரியவில்லை, கோடு ஓணான் மாதிரி வளைந்து போயிருந்தது. அடியில் இருந்த நீலத்தில் ஒரு மயிரிழை பிசகில்லை. கோட்டுக்காரர் கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால், தான் எடுபிடியாக இருந்தபோது வாத்தியாரோடு சேர்ந்து போட்ட கோடு அது. சொல்தாவின் கையால் ஒரு கிளாஸ் பிரெஞ்சுக் கள் குடித்ததும் அப்போதுதான் என்று, அந்த அம்மா இல்லாத நேரம் பார்த்து மகனிடம் சொன்னார்.

சிக்கல் இரண்டாம் நாள் வந்தது.

வெடிப்புகளுக்குப் பட்டி வைத்துக் காயவிட்டிருந்த நேரம். அடியில் கிடைத்த அந்தப் பழைய அடர் நீலமே வேண்டும் என்று சொல்தாவின் மகள் கேட்டிருந்தார். நிற அட்டையை எடுத்துக்கொண்டு போய், படகோடு வைத்துப் பார்த்து, கோட்டுக்காரர் ஒன்றில் விரல் வைத்தார். "இதுதான். அச்சு அசல்."

மகன் எட்டிப் பார்த்தார். அப்பாவின் விரல் இருந்த கட்டம் அடர் பச்சை.

மகன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. விளையாட்டுக்குக் கேட்பதுபோல, பக்கத்துக் கட்டத்தைக் காட்டி "இது என்னப்பா கலரு?" என்றார். "கறுப்பு." அது கடற்படை நீலம். அதற்கு அடுத்தது? "அதுவும் கறுப்புதான்டா. என்னா, வாத்தியார் மாதிரி கேள்வி கேட்டுட்டு இருக்க?"

கண்புரை என்றால் பார்வை மங்கும் என்று மட்டும்தான் பலர் நினைக்கிறோம். கண்ணின் லென்ஸ் வெள்ளையாகப் பூப்பதற்கு முன்பே பழுப்பு மஞ்சளாக மாறிக்கொண்டே வரும். மஞ்சள் கண்ணாடி வழியாக உலகைப் பார்ப்பது போலத்தான். மஞ்சள் எதைத் தடுக்கும்? நீலத்தை. அதனால் நீலம்தான் முதலில் மங்கும். அடர் நீலம் கறுப்பாகும், நீலமும் பச்சையும் ஒன்றில் ஒன்று கரையும். இது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால், நடக்கிறது என்றே தெரியாது. மோனே என்ற பிரெஞ்சு ஓவியருக்கு இதே கதை நடந்தது. அல்லிக் குளத்தை வரைந்து வரைந்து உலகப் புகழ்பெற்றவர். கண்புரை முற்றியபோது, பெயின்ட் டியூபின் லேபிளைப் பார்த்தும், தட்டில் வைத்திருக்கும் வரிசையை வைத்தும்தான் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார் என்கிறார்கள். 1923-ல் 82 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

கோட்டுக்காரர் செய்ததும் அதேதான். டப்பாவின் மேல் எழுத்தைப் படித்துப் படித்து மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறார். இந்தத் தடவை எழுத்து இல்லாத வெறும் அட்டை, மாட்டிக்கொண்டார். கோடு தொங்குகிறதா, நிமிர்கிறதா என்பதும் தூரத்திலிருந்து இப்போது தெரிவதில்லை. கிட்டத்தில் கையால் தடவித் தெரிந்துகொள்கிறார். `கோட்டுக்காரருக்குக் கண்ணு போச்சாம்' என்று ஒரு தடவை குப்பத்தில் பேச்சு கிளம்பினால் போதும். அடுத்த தடைக்காலத்தில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். மறைத்ததற்கு அதுதான் காரணம். அதோடு இன்னொன்றும் இருந்தது. தொழிலை விட்டால் மகன் கடையில் உட்கார்ந்து கல்லாப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டி வருமோ என்ற பயம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி சொன்னார்.

அன்று சாயங்காலம் மகன் கேட்ட கேள்வி ஒன்றுதான். "நாளைக்கு டேப்பு நான் ஒட்டவா?"

கோடு நேராக வருவதும் வராததும் டேப்பில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், `நேர்' என்றால் என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறது. கரையில் கட்டை மேல் நிற்கும் படகு, தண்ணீரில் மிதப்பதுபோல நிற்பதில்லை. முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருக்கும். பழைய நீர்மட்டத் தடத்தை அணியத்திலும் பின்பக்கத்திலும் கண்டுபிடித்து, அடியில் ஆப்பு அடித்து, முதலில் படகை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு லேசர் எல்லாம் இங்கே கிடையாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல்தான். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர், தெரிவதற்கு அதில் கொஞ்சம் சாயம். காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அடிக்கு ஒரு புள்ளியாகப் பென்சிலில் குறித்துக்கொண்டே போக வேண்டும்.

புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. ஆனால் சேர்த்துவிட்டு இருபது அடி தள்ளி நின்று பார்த்தால், சரியான மட்டத்தில் போட்ட கோடு இரண்டு முனையிலும் தொங்குவதுபோலத் தெரியும். கண் செய்கிற ஏமாற்று அது. படகின் மேல் விளிம்பு முன்னாலும் பின்னாலும் உயர்ந்து போவதால், கீழே நேராக ஓடும் கோடு சோர்ந்ததுபோல ஆகிவிடும். அதனால் அணியத்தை நெருங்கும்போது கோட்டின் மேல் விளிம்பைக் கொஞ்சமாகத் தூக்கிவிடுவார்கள். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இல்லை, கண்தான். கிரேக்கத்தில் பார்த்தெனான் கோயிலைக் கட்டியவர்கள் அடித்தளத்தையே நடுவில் லேசாகப் புடைத்துக் கட்டினார்கள். தட்டையாகக் கட்டினால் குழிந்ததுபோலத் தெரியும் என்பதுதான் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். வைத்திக்குப்பத்துக்காரருக்குப் பார்த்தெனான் தெரியாது, ஆனால் இது தெரியும்.

இன்னொரு சூட்சுமம் பின்பக்கத்தில். அங்கே படகின் உடம்பு உள்நோக்கிச் சாயும். நடுவில் இரண்டு அங்குல அகலம் என்று அங்கேயும் ஸ்கேல் வைத்து இரண்டு அங்குலமே போட்டால், பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு ஒல்லியாகத் தெரியும். சாய்ந்த பரப்பில் அகலத்தைக் கூட்டிப் போட்டால்தான் பார்வைக்குச் சமமாக வரும்.

கோடு என்பது சும்மா அழகுதானே, இவ்வளவு எதற்கு என்று நினைத்தால், சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் எம்.பி-யை நினைத்துக்கொள்ளலாம். அளவுக்கு மேல் சரக்கு ஏற்றி, மூழ்கினாலும் இன்ஷூரன்ஸ் கிடைக்கும் என்று ஓட்டைக் கப்பல்களைக் கடலுக்கு அனுப்பிய முதலாளிகளோடு அவர் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். கடைசியில் 1876-ல் கப்பலின் விலாவில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் சட்டமாயின. கோடு மூழ்கினால் பாரம் அதிகம். துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்களில் அந்த அடையாளத்தை இன்றும் பார்க்கலாம். எத்தனையோ மாலுமிகளின் உயிரைக் காப்பாற்றியது ஒரு பெயின்ட் கோடு.

மூன்றாம் நாள் காலையில் மகன் டேப்பை எடுத்தார். அதற்குள் பிரைமர் அடித்துக் காய்ந்து, 320 நம்பர் உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்தாகிவிட்டது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மஞ்சள் காகித டேப் இதற்கு உதவாது. காகிதத்தின் விளிம்பு சொரசொரப்பானது, பெயின்ட் கசியும். வெயிலில் ஒரு நாள் இருந்தால் கோந்து படகிலேயே தங்கிவிடும். மெல்லிய வினைல் டேப் வேண்டும். மகனின் கடையில் அது எப்போதும் இருக்கிற பொருள்.

அவர் ஒட்டியதைக் கோட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார், தெரிந்த அளவுக்கு. பழகாதவர்கள் அரையடி அரையடியாக ஒட்டி, வளைவு வந்தால் டேப்பை இழுப்பார்கள். இழுத்த டேப் ரப்பர் மாதிரி, கொஞ்ச நேரத்தில் பழைய நீளத்துக்குச் சுருங்கும், விளிம்பு கிளம்பிவிடும். மகன் ஐந்தடி நீளத்தைக் காற்றில் பிடித்து, இழுக்காமல், அது தானாகவே புள்ளிகளின் மேல் படியும்படி இறக்கினார். காரின் கதவில் வளைந்து போகும் கோடுகளைத் தினமும் ஒட்டுகிற கை. பிறகு அணியத்தின் ஓரமாக மண்டியிட்டு, டேப்பின் ஓட்டத்தோடு கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் கடைசி வரை பார்த்தார். மூன்று இடத்தில் பிரித்து ஒட்டினார்.

"யாருடா உனக்கு அப்படிக் கன்னத்த வெச்சுப் பாக்கச் சொல்லிக் குடுத்தது?"

"நீதான். நான் சின்னப் புள்ளையா உங்கூட வரும்போது இப்படித்தான பாப்ப."

அதற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கி வரப் போய்விட்டார்.

மகனுக்குத் தெரியாத ஒன்றை அவர் அதற்கப்புறம் சொல்லிக் கொடுத்தார். டேப் ஒட்டி முடித்ததும் நேராக நீலத்தை அடிக்கக் கூடாது. டேப்பின் விளிம்பில் முதலில் படகின் வெள்ளையையே மெல்லிசாக ஒரு தடவு தடவ வேண்டும். டேப்புக்கு அடியில் எங்காவது சந்து இருந்தால் வெள்ளை போய் அடைத்துக்கொள்ளும். வெள்ளை மேல் வெள்ளை கசிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்புறம் நீலம் உள்ளே போக வழியில்லை. வீட்டுச் சுவரில் இரண்டு கலர் அடிக்கிறவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். கோடு பிளேடால் கீறியதுபோல நிற்கும்.

நான்காம் நாள், ஐந்தாம் நாள் பெயின்ட். கத்திரி வெயில் முடிகிற நாள்கள். புதுச்சேரிக் கரையில் பெயின்ட் அடிப்பதற்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் உண்டு. விடிந்ததும் அடித்தால் படகின் மேல் பனி ஈரம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின் மேல் அடித்தால் பளபளப்பு செத்துவிடும். படகின் உடம்புச் சூடு, பனி இறங்கும் வெப்பநிலையைவிட மூன்று டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் கம்பெனிகளின் பொதுவான கணக்கு. கோட்டுக்காரரின் கணக்கு, புறங்கையை வைத்துப் பார்ப்பது. ஜில்லென்று இருந்தால் காத்திரு, சுட்டால் நிறுத்து. நண்பகலை நெருங்கினால் ஃபைபர் கொதிக்கும், பெயின்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்து ரோலர் தடம் அப்படியே நிற்கும். அதற்குள் கடல் காற்றும் எழும்பிவிடும். அதில் உப்பு வரும். இரண்டு கோட்டுக்கு நடுவில் உப்பு உட்கார்ந்தால், மாதம் கழித்துக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

ஒருவர் ஸ்பாஞ்ச் ரோலரில் மெல்லிசாக உருட்டிக்கொண்டு முன்னால் போக, இன்னொருவர் பின்னாலேயே நுனி பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். தனி ஆளாகவும் செய்யலாம், ஆனால் இது இரண்டு பேர் வேலை. முன்னால் மகன், பின்னால் அப்பா. பிரஷ்ஷின் கனம் கைக்குத் தெரிந்தால் போதும், அந்த வேலைக்குக் கண் அவ்வளவாகத் தேவையில்லை.

முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் நடுவில் ஒரு நாள் காத்திருப்பு. அந்தச் சமயத்தில்தான் மகனின் மொபைலில் செய்தி வந்தது. 2025 மே 29. இந்தியக் கடற்படையின் `தாரிணி' பாய்மரப் படகு உலகைச் சுற்றிவிட்டுக் கோவா திரும்பியிருந்தது. 56 அடிப் படகு, அதில் இரண்டே பெண்கள். கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, இன்னொருவர் நம் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. 2024 அக்டோபர் 2-ல் கிளம்பி எட்டு மாதம், 25,000 கடல் மைலுக்கும் மேல். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவு, தென் ஆப்பிரிக்கா என்று நான்கே இடத்தில் கரை தொட்டார்கள். இன்ஜினை நம்பாமல் பாயை மட்டும் நம்பிய பயணம்.

சொல்தாவின் மகள் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தார். "எங்கப்பா எனக்கும் பாய் கட்டக் கத்துக்குடுத்தார் மாமா. நான்தான் பன்னெண்டு வயசுல வரமாட்டேன்னுட்டேன்" என்றார். படகை விற்பது பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வைத்துக்கொள்வதாகவும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் இரண்டாவது கோட் அடித்து, பெயின்ட் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்தபோது டேப்பை உரித்தார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு உரித்தால் விளிம்பு அப்பளம் மாதிரி நொறுங்கும். முன்பே உரித்தால் ஒழுகும். டேப்பை அதன் மேலேயே மடக்கி, பின்பக்கமாகச் சாய்த்து, மெதுவாக. நீலம் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம், நடுவில் ஒன்றுமில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த இரண்டு விசைப்படகுக்காரர்கள் அங்கேயே தங்கள் படகுக்கும் தேதி கேட்டார்கள்.

தேதி கொடுப்பதில்தான் தகராறு. தடைக்காலம் முடிய இரண்டு வாரம், கையில் ஆறு படகு. மகனோ தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும் என்று நின்றார். மதுரையில் 1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தன் ஓய்வுக்குப் பிறகு 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை, 2003-லிருந்து புதுச்சேரியிலும் இருக்கிறது. வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு பஸ் தூரம்தான். அந்த ஒரு பஸ்ஸை மூன்று வருஷமாகத் தவறவிட்டவர் இவர். "ஆறையும் முடிச்சிட்டுப் போறேன்டா." "ஆறுக்கும் டேப்பு யாரு ஒட்டுவா?" இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. காலையில் படகு, மதியம் கடை என்று மகன் இரண்டு வாரம் ஓடினார். ஆறு படகும் ஜூன் 14 ராத்திரிக்கு முன் தண்ணீரில் இறங்கின. அடுத்த வாரம் அப்பா பஸ் ஏறினார். சாக்குச் சொல்ல வழியில்லாதபடி கூடவே அம்மாவும்.

ஒரு கண்ணுக்குத்தான் இப்போது ஆகியிருந்தது. தூசு, தண்ணீர் படக் கூடாது, உப்புத்தாள் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர், முதல் நாள் வெளியே வந்ததும் தேங்காய்த்திட்டுக்குத்தான் போனார். சொல்தாவின் படகு கரையோரம் கட்டிக் கிடந்தது. கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். ஆபரேஷன் ஆகாத கண்ணில் அது கறுப்புக் கோடு. ஆன கண்ணில், கத்தரிப்பூ மொட்டு மாதிரி ஒரு நீலம்.

"இவ்ளோ நீலமாவா அடிச்சோம்?" என்றார்.

அப்புறம் அணியத்தின் பக்கம் நடந்துபோய், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, கோட்டின் ஓட்டத்தோடு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏழாவது அடியில ஒரு நூல் தொங்குதுடா."

மகன் குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.